உப்பளத்துல ஏன் ஒரு ஃபிளாஷ் மட்டும் அடிக்குது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில பாண்டிச்சேரிக்குப் போனவங்களுக்கு மரக்காணம் உப்பளம் தெரியாம இருக்காது. பாத்தி பாத்தியா தண்ணி, வரப்பு ஓரமா வெள்ளைக் குவியல். போட்டோகிராபி கிளப் இருக்கிற காலேஜ்னா அங்கே போகணும்னு ஒரு தடவையாவது பிளான் போட்டிருக்கும். ரெண்டு ஃபிளாஷ், ஒரு டிரிக்கர், ரெண்டு ஸ்டாண்டு. ஹாஸ்டல் ரூம்ல ஜோரா அடிச்ச அதே செட், உப்பளத்துல ஒண்ணு அடிக்கும், இன்னொண்ணு சும்மா நிக்கும்.

இங்கே நிதானமா நோண்டிப் பார்க்க நேரம் கிடையாது. உப்பு வாருறவங்க வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்ச அளவு வேலையை முடிக்கப் பார்ப்பாங்க. நம்ம டிரிக்கர் சரியாகுற வரைக்கும் ஒரு அக்காவைத் தலைச்சுமையோட நிக்க வைக்கிறது நியாயமில்லை. அதனால உங்க நண்பனை நிக்க வச்சு எல்லாத்தையும் சரிபார்த்துட்டு, அப்புறம் போய் அனுமதி கேளுங்க.

"அடிக்கலை"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள மூணு கோளாறு இருக்கு. சிக்னல் போய்ச் சேராம இருக்கலாம். சேர்ந்தும் உள்ளே சார்ஜ் இல்லாம இருக்கலாம். அடிச்சும், ஷட்டர் திறந்திருந்த நேரத்துல அடிக்காம இருக்கலாம். பிரிக்கிறது சுலபம். ஒருத்தர் கேமராவை அழுத்தணும், இன்னொருத்தர் பக்கவாட்டுல நின்னு ஃபிளாஷைக் கவனிக்கணும். வெளிச்சம் தெரிஞ்சும் படத்துல இல்லைன்னா டைமிங். தெரியவே இல்லைன்னா ஃபிளாஷ்ல இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்துங்க. அதுக்கு அடிச்சா சிக்னல் பிரச்சினை. அதுக்கும் அடிக்கலைன்னா பேட்டரி, இல்லைன்னா ஃபிளாஷ் தூங்கிடுச்சு. ஆட்டோ ஸ்லீப்பை ஆஃப் பண்ணி வைங்க.

சிக்னல்ல முதல் சந்தேகம் ஆப்டிகல் ஸ்லேவ் மேலதான். அது இன்னொரு ஃபிளாஷோட வெளிச்சத்தைப் பார்த்துத் தானும் அடிக்கும். ரூம்ல சுவர்ல பட்டுத் திரும்புற வெளிச்சமே அதுக்குப் போதும். உப்பளத்துல சுவரே இல்லை. மேல சூரியன், கீழே உப்பு, சென்சார் அந்த வெளிச்சத்துலயே மூழ்கிடும். சென்சாரை வெயிலுக்கு முதுகு காட்டி, முதல் ஃபிளாஷை நேரா பார்க்கிற மாதிரி திருப்புங்க. கேமராவுல இருக்கிற ஃபிளாஷ் டிடிஎல் மோடுல இருந்தா, அளவெடுக்க முன்கூட்டியே ஒரு சின்ன மின்னல் விடும். எஸ்1 மோடுல இருக்கிற ஸ்லேவ் அதையே நிஜம்னு நம்பி, ஷட்டர் திறக்கிறதுக்கு முன்னாடியே அடிச்சு முடிச்சிடும். அந்த மின்னலைக் கணக்குல எடுக்காம இருக்கத்தான் எஸ்2. இல்லைன்னா முதல் ஃபிளாஷை மேனுவலுக்கு மாத்துங்க.

ரேடியோ டிரிக்கர்னா வேற கதை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணி நல்லா உறிஞ்சும், நம்ம உடம்பும் பெரும்பகுதி தண்ணிதான். ஸ்டாண்டு இடுப்புக்குக் கீழே இருந்து, நடுவுல நாலு பேர் நின்னா சிக்னல் தடுமாறும். ரிசீவரை உயரத்துல வைங்க. கிளப்ல மூணு டீம் ஒரே சேனல்ல இருந்தா, யாரோ அழுத்த உங்க ஃபிளாஷ் அடிச்சு, நீங்க அழுத்தும்போது அது சார்ஜ் ஆகிட்டு இருக்கும். சேனலோட ஐடியையும் டீமுக்கு ஒண்ணா மாத்துங்க.

உப்பளத்துக்கே உரிய வில்லன் டைமிங்தான். ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வச்சா சாதாரண வெயிலுக்கு ஷட்டர் 1/100 பக்கம் வரும். உப்போட பளீர் வெளிச்சத்துக்கு அதுவும் அதிகம். பின்னணி மங்கலாகணும்னு அப்பெர்ச்சரைத் திறந்ததும் ஷட்டர் 1/1000க்கு ஓடும். ஆனா பெரும்பாலான கேமராவுல ரெண்டு திரையும் முழுசா விலகி நிக்கிறது 1/200 அல்லது 1/250 வரைக்கும்தான். அதுக்கு மேல போனா ஒரு பட்டை மட்டும்தான் திறந்திருக்கும், படத்துல பாதி கருப்பு. ஹை-ஸ்பீட் சிங்க்கை டிரிக்கர், ஃபிளாஷ் ரெண்டும் ஆதரிக்கணும். சாதாரண ஆப்டிகல் ஸ்லேவுல அது நடக்காது. ரெண்டு ஃபிளாஷ்ல ஒண்ணு ரேடியோ, இன்னொண்ணு ஆப்டிகல்னா ஷட்டர் ஏறினதும் ஒண்ணு மட்டும் படத்துல வர்றதுக்குக் காரணம் இதுதான். என்டி ஃபில்டர் போடுங்க, இல்லைன்னா விடியறதுக்கு முன்னாடியே போங்க. எனக்குப் பிடிச்சது ரெண்டாவது. சைலன்ட் ஷட்டர்ல பல கேமராக்கள் ஃபிளாஷுக்கே உத்தரவு தராது, அதையும் பாருங்க.

சார்ஜுக்கு நம்ம ஃபார்முலாவே போதும்: ½சிவி². 1400 மைக்ரோஃபாரட், 330 வோல்ட்டுன்னா சுமார் 76 ஜூல். வோல்ட்டேஜ் 80 சதவீதம்தான் ஏறியிருந்தா ஆற்றல் 64 சதவீதம்தான். ரெடி விளக்கு எரிஞ்சும் வெளிச்சம் குறையுறது இதனாலதான். ஆல்கலைனைவிட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி 1.2 வோல்ட்தான், ஆனா உள் மின்தடை குறைவு, சீக்கிரம் நிரப்பும். பவரை கால்வாசிக்கு இறக்கினா இன்னும் வேகம்.

ஊர் திரும்பினதும் ஹாட்-ஷூ கான்டாக்டைத் துடைங்க. உப்புப் படலம் ஈரத்தை இழுத்துத் துரு ஏத்தும். வெறும் ஆல்கஹாலால துடைச்சா உப்பு அதுல சரியா கரையாது. பேட்டரியைக் கழட்டிட்டு, காட்டன் பட்ஸை டிஸ்டில்டு வாட்டர்ல லேசா நனைச்சுத் துடைச்சு, அதுக்கப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால். ஸ்க்ரூ டிரைவரை மட்டும் எடுக்காதீங்க. ஆஃப் பண்ணின பிறகும் கெபாசிட்டர்ல அந்த 330 வோல்ட் மிச்சம் இருக்கலாம்.