தேவிகுளம்: ஒரு மலைத்தீவின் நன்னீர் ஏரி

தீவு என்றவுடன் கடல் சூழ்ந்த நிலமே நம் நினைவுக்கு வருகிறது. உயிரியலாரோ உயர்ந்த மலைமுடிகளையும் தீவுகள் என்றே கருதுகின்றனர். அங்குள்ள குளிரில் மட்டும் வாழக்கூடிய உயிர்களுக்கு, இடைப்பட்ட தாழ்ந்த வெப்ப நிலம் கடலைப்போல் கடத்தற்கரிய தடையாகும். சுமார் 140 மீட்டர் உயரமே உள்ள பாலக்காட்டுக் கணவாய் இத்தகைய தடைகளுள் ஒன்று. சோலைகளில் வாழும் ஒருவகைச் சிறு பறவை, கணவாய்க்கு வடக்கே ஓர் இனமாகவும் தெற்கே வேறோர் இனமாகவும் பிரிந்திருத்தல் இதற்குச் சான்று.

கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைத்தீவில், இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் தேவிகுளம் அமைந்துள்ளது. இங்குள்ள ஏரியில் சீதாதேவி நீராடினாள் என்பது மக்கள் வழங்கும் கதை. ஊர்ப் பெயரும் அதனால் வந்ததே என்பர். இந்நீர் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் உண்டு.

விஞ்ஞானம் பயில்வோர் இக்கதையை எவ்வாறு நோக்குவது? நீரின் தூய்மைக்கு அது சான்றாகாது. புனித நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். காய்ச்சிப் பருகுதலே முறை. ஆயினும் கதையை ஏளனம் செய்தல் தகாது. தேவி நீராடிய நீரை அசுத்தப்படுத்த மனிதன் கூசுகிறான். அக்கூச்சம் ஏரிக்கு ஒரு காவலாகும்.

ஆனால் இக்காவல் கரையோடு நின்றுவிடுகிறது. மலை நீர்நிலைகளின் வாழ்வு அவற்றின் மேற்சரிவுகளைப் பொறுத்தது. அங்குள்ள புல்வெளியும் சோலையும் பருவமழையை மண்ணில் இறங்கச் செய்கின்றன. மழை ஓய்ந்த பின்னர் அந்நீர் ஊற்றுகளாகச் சிறுகச் சிறுக வெளிப்படுகிறது. புல்வெளியில் அயல்நாட்டு மரங்களை நட்டால் என்ன நேரும்? நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில் 1972இல் தைலமரம் நட்டு ஆராய்ந்தனர். முதற் பத்தாண்டுகளில் அங்கு நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரம் நடுதல் எல்லா இடத்திலும் நீரைப் பெருக்கும் என்பது, ஆராயாமல் ஏற்கப்பட்ட மற்றொரு கதையே எனலாம்.

ஆகவே, களப்பணியாளர் இத்தகைய ஏரிகளைக் காணும்போது மூன்று செய்திகளைக் குறித்தல் வேண்டும்: முதியோர் கூறும் கதை, மாதந்தோறும் நீர்மட்டம், மேற்சரிவில் வளரும் புல், மரம் ஆகியவற்றின் வகை. ஆசிரியர்களும் மாணவரைக் கரையில் நிறுத்திக் கதையைச் சொல்லட்டும். பின்னர் அவர்களைச் சரிவின்மீது அழைத்துச் சென்று, நீர் எங்கிருந்து வருகிறது எனக் காட்டட்டும். கரைக்கு உரிய மரியாதையைச் சரிவுக்கும் அளிக்கக் கற்ற தலைமுறையே ஏரியைக் காக்கவல்லது.