உயரம் குறைந்தால் கூடைப்பந்து வேண்டாமா?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். "இந்த உயரத்துக்கு எதற்கு?" என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
- வாசகி, அறந்தாங்கி

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. ஜப்பான் கூடைப்பந்து வீராங்கனை ருய் மச்சிதாவின் உயரம் 162 சென்டிமீட்டர்தான். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 18 அசிஸ்ட்! அது ஒலிம்பிக் சாதனை. அசிஸ்ட் என்றால், கூடையில் போட வாகாக நிற்கும் தோழியின் கைக்குப் பந்தைச் சேர்ப்பது. தலைக்கு மேல் நீளும் கைகளுக்கு நடுவே, பார்வையை ஒரு பக்கம் காட்டிப் பந்தை மறுபக்கம் தள்ளிவிடுவார். ஜப்பான் வெள்ளி வென்றது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் வாஷிங்டன் அணிக்கு ஆடினார்.

உயரம் மட்டுமல்ல, ஊர்ப் பேச்சும் தடையில்லை என்பதற்கு நம் சென்னை அனிதா பால்துரையைப் பற்றியும் மகளுக்குச் சொல்லுங்கள். 19 வயதில் இந்திய அணித் தலைவி. தாயான பிறகும் களத்துக்குத் திரும்பி, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். 2021-இல் பத்மஸ்ரீ. பிள்ளை பெற்றவள் விளையாடுவதா என்று கேட்கும் ஊரில் இது சாதாரணமா?

பந்தைத் தட்டுவதிலும் பாஸ் கொடுப்பதிலும் மகள் தினமும் பயிற்சி எடுக்கட்டும். புதுக்கோட்டை மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பார்த்து, விளையாட்டு விடுதிச் சேர்க்கைக்கான தேர்வு எப்போது என்று கேளுங்கள்.