கற்றுக்கொடுத்துவிட்டு வா

அன்புள்ள கயலுக்கு,

மருத்துவம் படித்து, போரும் பசியும் வாட்டும் நாடுகளில் வேலை செய்யப் போவதாக எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. அதற்கு முன் அரூரிலிருந்து பஸ் ஏறி, நம் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கும் சிட்லிங்கிக்கு ஒருமுறை போய் வா.

1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் அந்த மலைப் பள்ளத்தாக்கில் ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. இரண்டு டாக்டர்கள் இரவு பகலாக ஓடினாலும் எத்தனை வீட்டுப் படி ஏற முடியும்? உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பிரசவம் பார்க்கவும் நோயை அடையாளம் காணவும் பயிற்சி கொடுத்தார்கள். பின்னாளில் அந்த 147 சுமார் 20 ஆனது.

வயிற்றுப்போக்கையே எடுத்துக்கொள். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இவற்றைக் கலந்த கரைசல் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். சர்க்கரை உப்பைக் குடல் சுவருக்குள் இழுக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். இதைச் செய்யத் தாய்க்குத் தெரிந்தால் போதும்.

1971-இல் வங்கதேசப் போருக்குத் தப்பி வந்த அகதிகளிடம் காலரா பரவியது. பொன்காவ் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகாலநாபிஸ் இதே போன்ற கரைசலை டிரம்களில் கலந்து வைத்து, ஊட்டும் பொறுப்பை நோயாளிகளின் உறவினர்களிடமே விட்டார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

மருந்து மட்டும் போதாது என்பதையும் சிட்லிங்கியில் பார்ப்பாய். விவசாயம் நொடித்தால் தட்டில் சோறு குறையும், உடம்பும் விழும். அதனால்தான் அங்கே இயற்கை விவசாயிகளின் சங்கமும், லம்பாடிப் பெண்களின் 'பொர்கை' எம்பிராய்டரி அமைப்பும் உருவாயின.

குண்டு விழும் ஊரில் முதல் நாள் அரிசியும் மருந்தும்தான் தர வேண்டும். பாடம் நடத்திக்கொண்டிருக்க முடியாது. ஆனால் முதல் வாரத்திலேயே, 'நான் கிளம்பிய பிறகு இதை யார் செய்வார்கள்?' என்று கேட்டுக்கொள். அவரைத் தேடிப் பிடித்துக் கற்றுக்கொடு.

சிட்லிங்கி போனால் டாக்டர்களைப் பார்ப்பதற்கு முன் அங்கே வேலை பார்க்கும் உள்ளூர் அக்காக்களிடம் பேசு. என்ன கேட்டாய், என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா