எடை குறைந்த மடிக்கணினி: எங்கே குறைகிறது எடை?

அடுத்த ஆண்டு கல்லூரியில் கால் வைக்கப் போகும் உங்களில் பலருடைய வீட்டில் மடிக்கணினிப் பேச்சு இப்போதே தொடங்கியிருக்கும். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குச் சிறிய தொகை அன்று. மூன்று, நான்கு ஆண்டுகள் அந்த ஒரே கருவியோடுதான் நீங்கள் காலம் தள்ளவேண்டும். "எடை குறைவானதாகப் பார்த்து வாங்கு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த எடை எதிலிருந்து குறைக்கப்பட்டது? இதைக் கேட்கத் தெரிந்தவருக்கு விளம்பரத்தாளைப் படிக்கும் விதமே வேறாகிவிடும்.

கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணிப்பொறி என்று 1981-ல் விற்பனைக்கு வந்த 'ஆஸ்பார்ன் 1' சுமார் 11 கிலோகிராம் இருந்தது. அதன் திரை 5 அங்குலம். பாட்டரியே கிடையாது, போகும் இடத்தில் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும். இன்று 1.2 முதல் 1.4 கிலோகிராம் எடையில் நல்ல மடிக்கணினிகள் கிடைக்கின்றன. (இயற்பியல் தேர்வில் இதை 'நிறை' என்றுதான் எழுதவேண்டும். கடையில் 'எடை' என்றே கேளுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் விழிப்பார்.)

முதலில் பையைப் பார்ப்போம். நீங்கள் சுமப்பது கணிப்பொறியை மட்டும் அன்று, அதன் சார்ஜரையும்தான். விளையாட்டுக்கென்று செய்யப்படும் சில கணிப்பொறிகளின் சார்ஜர் மட்டுமே அரைக் கிலோவைத் தாண்டும். விளம்பரத்தில் அந்த எடை இராது. பள்ளிப் பை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்று நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. கல்லூரிக்கு அந்த விதி இல்லை. ஆனால் முதுகு அதே முதுகுதான். 50 கிலோ எடையுள்ள மாணவிக்கு 5 கிலோ. அதில் புத்தகம், தண்ணீர், சோற்று டப்பா எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.

எடை குறையும் இடங்களில் பாட்டரி ஒன்று. லித்தியம் அயனி மின்கலங்களை 1991-ல் சோனி நிறுவனம் வணிக முறையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவை இல்லாவிட்டால் இன்றைய மெல்லிய கணிப்பொறிகளும் இல்லை. இவ்வகை மின்கலம் ஒரு கிலோவில் ஏறத்தாழ 250 வாட்-மணி ஆற்றல் கொள்ளும். அதாவது, 50 வாட்-மணி வேண்டுமானால் மின்கலம் மட்டும் 200 கிராம். எடையை இன்னும் குறைக்க நினைக்கும் உற்பத்தியாளர் பாட்டரியில் கை வைத்தால், உங்கள் மாலை நேரம் குறைகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. சில விளம்பரங்கள் பாட்டரியை மில்லி ஆம்பியர்-மணியில் குறிப்பிடும். ஒன்றில் 5000, மற்றொன்றில் 4000 என்றிருந்தால் முதலாவதே பெரியது என்று தோன்றும். மின்னழுத்தத்தையும் பெருக்கிப் பாருங்கள். முதலாவது 7.6 வோல்ட் என்றால் 5 × 7.6 = 38 வாட்-மணி. இரண்டாவது 15.4 வோல்ட் என்றால் 4 × 15.4 = 61.6 வாட்-மணி! எனவே வாட்-மணியை மட்டுமே ஒப்பிடுங்கள்.

"15 மணி நேரம் உழைக்கும்" என்று எழுதியிருந்தால் அதையும் ஒரு வகுத்தலால் சோதிக்கலாம். ஆப்பிள் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட எம்2 மாக்புக் ஏரின் எடை 1.24 கிலோ, பாட்டரி 52.6 வாட்-மணி. இணையப் பக்கங்களைப் பார்த்துக் கொண்டிருந்தால் 15 மணி நேரம் என்பது நிறுவனத்தின் கணக்கு. 52.6-ஐ 15-ஆல் வகுத்தால் 3.5 வாட். ஒரு சிறு இரவு விளக்கின் அளவு! அது பொய்யன்று. ஆனால் நீங்கள் செய்யும் வேலை 20 வாட் இழுத்தால், அதே பாட்டரி இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும்.

அடுத்தது உடற்கூடு. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, மக்னீசியக் கலவையினுடையது ஏறத்தாழ 1.8. ஆகவே ஒரே எடையில் மக்னீசியத் தகட்டை ஒன்றரை மடங்கு தடிப்பாகச் செய்யலாம். தகடு வளையாமல் நிற்கும் திறன் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. மக்னீசியம் அலுமினியத்தைவிடச் சற்று மென்மையானதுதான் என்றாலும், கணக்கிட்டால் மொத்தத்தில் இரு மடங்கு விறைப்பு கிடைக்கும். வண்ணம் பூசிய மக்னீசியத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு "பிளாஸ்டிக்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி வெப்பத்துக்கு வருவோம். நம் ஊருக்கு இதுவே முக்கியம் என்பது என் எண்ணம். எடையையும் சத்தத்தையும் குறைப்பதற்காகச் சில மெல்லிய கணிப்பொறிகளில் விசிறியே வைப்பதில்லை. மேலே சொன்ன மாக்புக் ஏரும் அவ்வகையே. உள்ளே பிறக்கும் வெப்பம் முழுவதும் உடற்கூட்டின் வழியாகவே காற்றுக்குப் போகவேண்டும். நியூட்டனின் குளிர்வு விதியை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். வெப்பம் வெளியேறும் வீதம், பொருளுக்கும் சூழலுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கை பொறுக்கும்படி உடற்கூடு 45 பாகை வரை சூடேறலாம் என்று வைத்துக் கொள்வோம். குளிரூட்டிய கடையில் காற்று 22 பாகை, வேறுபாடு 23. விடுதி அறையில் மே மாதப் பிற்பகலில் 36 பாகை. வேறுபாடு வெறும் 9. கடையில் வெளியேற்றிய வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் அதே கருவி விடுதியில் வெளியேற்ற முடியும். மிச்ச வெப்பம் உள்ளே தேங்காதிருக்க, கணிப்பொறி தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும்.

விசிறி உள்ளவற்றில் உள்ளிருக்கும் தகடுகளை நம் கை தொடுவதில்லை. அவை 65 பாகை வரை போகலாம் என்று கொண்டால், வேறுபாடு கடையில் 43, விடுதியில் 29. இழப்பு மூன்றில் ஒரு பங்கே. கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் விசிறியற்றதே தாராளமாகப் போதும். அங்கே பிறக்கும் வெப்பம் சில வாட்தான். பொறியியல் வரைபடம், காணொளித் தொகுப்பு என்று மணிக்கணக்கில் உழைக்க வைப்பவருக்கு 200 கிராம் கூடுதலானாலும் விசிறி உள்ளதையே நான் சொல்வேன். ஆப்பிள் நிறுவனமே தன் மடிக்கணினிகளை 10 முதல் 35 பாகை வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. திருச்சியிலோ வேலூரிலோ கோடையில் 38, 40 பாகை புதிதல்லவே!

இன்னொன்றையும் கேட்டுக் கொள்ளுங்கள். மெல்லிய கணிப்பொறிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டுவிடுகிறது. பிறகு கூட்டவே முடியாது. அப்படிப்பட்டதானால் முதலிலேயே 16 ஜிபி வாங்குங்கள். அதற்காகத் திரையின் பகட்டில் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம்.

வாங்கியபின் அதைத் தலையணைமேலோ மெத்தைமேலோ வைத்து வேலை செய்யாதீர்கள். பஞ்சு வெப்பத்தை எளிதில் கடத்தாது. அடியிலுள்ள காற்றுத் துளைகளும் அடைபடும். சூடு பாட்டரியின் ஆயுளையும் குறைக்கும். மேசைமேல் பின்பக்கத்து இரு மூலைகளுக்கும் அடியில் இரண்டு மரத்துண்டுகளைக் கொடுத்து ஒரு விரற்கடை உயர்த்தி வைத்தாலே அடியில் காற்று ஓடும்.