நேற்றைச் சொல்லும் இன்றை உண்மையும்

தென்காசிக்கு அணித்தாயுள்ள சிற்றூர் சுந்தரபாண்டியபுரம். சாரற் பருவத்தில் அவ்வூர்ப் புலங்களிற் சூரியகாந்தி பூத்து நிற்கும் அழகைக் காண்பதற்கென்றே பல ஊர்களினின்றும் மக்கள் வருவர். சென்ற ஆண்டு யாமும் சென்றிருந்தோம். சூரியகாந்தி நாள்முழுதும் ஞாயிற்றைப் பின்தொடரும் என்று பள்ளியிற் படித்ததை நேரிற் காணும் ஆவலால் மாலைவரை வரப்பின்மேல் அமர்ந்திருந்தோம். ஞாயிறு மேற்கே சாய்ந்தது. முற்ற மலர்ந்த பூக்களோ கிழக்கு நோக்கியபடியே நின்றன. இளஞ்செடிகளின் அரும்புகள் மட்டுமே மேற்றிசை திரும்பியிருந்தன.

இதன் காரணத்தைத் தாவரநூல் வல்லாரிடம் வினவி அறிந்தோம். இளஞ்செடித் தண்டின் கீழ்ப்புறம் பகலில் மிகுதியாய் வளர்தலின் அரும்பு மேற்கே சாய்கின்றது. இரவில் மேற்புறம் மிகுதியாய் வளர்தலின் மீண்டும் கிழக்கே திரும்புகின்றது. தண்டின் வளர்ச்சி நின்றதும் திரும்புதலும் நின்றுவிடும். ஆகவே, திரும்புதல் அச்செடியின் உறுதியின்மையைக் காட்டுவதன்று. அது வளர்கின்றது என்பதையே காட்டுவது.

இச்செய்தி எம் உள்ளத்தில் நெடுநாள் உறுத்திய ஒரு வினாவுக்கு விடையாயிற்று. நேற்றுச் சொன்னதற்கு மாறாக இன்று ஒன்றைச் சொல்லுதல் இழுக்கோ? உலகத்தார் பலர் இழுக்கென்பர். ‘ஒரே நாக்கு, ஒரே சொல்’ என்று புகழ்வர். ஆயின், தவறென்று உள்ளம் உணர்ந்த பின்னும், முன்பு சொல்லிவிட்டோமே என்பதற்காக அதனையே சொல்லி நிற்றல் உறுதியாகுமோ? நேற்றைய தம் சொல்லுக்கு அஞ்சி இன்றைய உண்மையை மறைத்தலே அஃதன்றோ?

காந்தியடிகளின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. 1921-ஆம் ஆண்டில் அவர் சாதிவிட்டுச் சாதி மணத்தலும் உடனுண்ணலும் கூடாவென்னும் தடையை ஆதரித்து எழுதினார். 1932-இல் அத்தடைகள் சமயத்தின் கூறல்ல என்றார். 1934 சனவரியில் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது நம் குற்றாலத்திற்கு வந்தவர், தாழ்த்தப்பட்டோர்க்கு அவ்வருவியில் நீராட உரிமையில்லை என்பதறிந்து, தாமும் நீராடாது மீண்டார். 1946-இலோ, மணமக்களுள் ஒருவர் அரிசனராயிருந்தாலன்றித் தம் சேவாகிராம ஆசிரமத்தில் மணம் நடைபெறாது என்னும் நிலைக்கு வந்துவிட்டார். கால்நூற்றாண்டிற்குள் ஒரு கோடியினின்று மறுகோடிக்கு வந்தமை பலர்க்குக் குறையாய்த் தோன்றியது. அவரோ தம் இதழில் 1933-இலேயே விடை கூறிவிட்டார்: தாம் முரணின்மையை நாடுபவரல்லர், உண்மையை நாடுபவர்; தம் எழுத்துக்கள் இரண்டு மாறுபடுமாயின் பிந்தியதையே கொள்க என்பது அதன் கருத்து.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். பதவிக்கும் பொருளுக்குமாக நாளொரு கொள்கை கொள்வோரும் இதனையே சொல்லித் தப்பலாமன்றோ? தப்பலாகாது. காற்றாடியும் திரும்புகின்றது, அரும்பும் திரும்புகின்றது; காற்றாடிக்கு வேரில்லை. உண்மையால் நேர்ந்த மாற்றத்தை மூன்று அடையாளங்களால் அறியலாம் என்பது எம் கருத்து. மாறியவர் தம் பழைய சொல்லை மறையார். மாற்றத்தால் வரும் இழப்பை ஏற்பர். அடிப்படையாய்க் கொண்ட அறத்தை விடார். காந்தியடிகள் உண்மையையும் கொல்லாமையையும் விட்டாரல்லர். அவற்றின் பொருளை மேன்மேலும் ஆழமாகக் கண்டமையாலேயே மாறினார். இன்னொன்றும் ஈண்டுக் கருதற்பாலது. கருத்து வேறு, வாக்கு வேறு. கருத்து மாறிற்றென்று பிறர்க்குக் கொடுத்த வாக்கைக் கைவிடல் உண்மையன்று, ஏமாற்றே.

நெல்லை நாட்டுக் கிருஷ்ண பிள்ளையும் இதற்கொரு சான்று. 1827-இல் வைணவக் குடியிற் பிறந்து தமிழிற் சிறந்த அப்புலவர், 1858-இல் கிறிஸ்து மார்க்கம் தழுவினார். மார்க்கம் மாறினும் கற்ற தமிழை எறிந்தாரல்லர். அத்தமிழ்ப் பயிற்சியே 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்திற்கு உரமாயிற்று. திசை மாறிற்று, வேர் மாறிற்றில்லை.

இனி எம் குற்றத்தையும் ஒளியாது உரைப்போம். முதலாண்டில் மாணவர் மன்றத்தில், சாதி வேற்றுமை தானே காலத்தால் மறையும், மணவினையில் அதனை வலிந்து நீக்க முயலுதல் வேண்டா என்று பேசிப் பரிசும் பெற்றோம். பின்பு, கிறிஸ்தவரென்று பெயர்கொண்ட எம் சுற்றத்துள்ளும், ஒரே பந்தியில் அப்பமும் இரசமும் பெறுவோர், பெண் கொடுக்கும்போது மட்டும் குலம் வினவுதலைக் கண்டோம். அந்நாள் முதல் எம் பேச்சு எமக்கே கைத்தது. இவ்வாண்டு அதே பொருள் மன்றத்திற்கு வந்தபொழுது, எதிரணியிற் பேச எழ எம் கால்கள் கூசின. ‘பரிசைத் திருப்பிக் கொடுப்பீரோ?’ என்று நண்பரொருவர் நகைத்தார். உண்மையைச் சொல்ல அஞ்சினோமல்லோம். முன் சொன்னது பொய்யென ஒப்பவே அஞ்சினோம். முடிவில் எழுந்து, முதலாண்டில் யாம் பேசியதை முதற்கண் கூறி, அது தவறென்றும் ஏன் தவறென்றும் கூறினோம். இம்முறை பரிசில்லை. அன்றிரவு நன்றாய் உறங்கினோம்.

முற்ற மலர்ந்த பூ கிழக்கே நிற்றலும் பயனுடையதே; காலை வெயிலிற் சூடேறிய பூவைத் தேனீக்கள் மிகுதியும் நாடுமென்பர். ஆயின், நண்பர்காள்! நாம் இன்னும் அரும்புகள். கல்லூரிப் பருவத்திலேயே கழுத்து இறுகிவிடின் கற்றதனால் ஆயது யாது? ஒளி எத்திசையில் தோன்றினும் அத்திசை திரும்பக் கூசாதிருப்போமாக. வேரை மட்டும் விடாதிருப்போமாக.