கடைசிக் கம்பத்துக் கிணறு

வல்லம், செஞ்சிப் பகுதிச் சங்கங்களின் நகைக் கடன் பதிவேடுகளைப் புரட்டுவோர்க்கு ஒரு விஷயம் கண்ணிற் படாமற் போகாது. கடன் வாங்குவதற்குக் கூறப்படும் காரணங்களில் கலியாணம், வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுடன் 'மோட்டார் காயில் கட்ட' என்பதும் சேர்ந்து வருகிறது. தமிழ்நாட்டில் விவசாய மோட்டார்களுக்கு 1990 ஆம் ஆண்டு முதல் மின்சாரம் இலவசம். மின்சாரத்துக்குக் காசு கொடாத குடியானவர், அந்த மின்சாரத்தால் கருகிய மோட்டாருக்காக வீட்டுப் பெண்களின் நகையைச் சங்கத்துப் பெட்டியில் வைக்கிறார். மணிலாவில் விழுது இறங்கும் தருணத்தில் நான்கு நாள் தண்ணீர் நின்றால் மகசூலில் உண்டாகும் நஷ்டம் இதற்குப் புறம்பு.

இதிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் பெறும் கிணறுகளுள், முதற் கம்பத்துக்கு அருகிலுள்ள மோட்டார் பல வருஷங்கள் பழுதின்றி ஓடும். கடைசிக் கம்பத்திலுள்ளதோ அடிக்கடி காயில் கருகும். மோட்டார் விற்ற கடைக்காரரைக் குறை கூறுவதும், லைன்மேனை நோவதும் வழக்கமாயிருக்கிறது. ஆனால் ஏரிப் பாசனம் அறிந்த நம்மவர்க்கு இது புதிய விஷயமன்று. மதகடியிலுள்ள வயலுக்கும் கடைமடை வயலுக்கும் உள்ள பேதமே இது.

வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் ஒரு பகுதி வழியிலே மண்ணுக்குள் சுவறிப் போவது போல, கம்பியில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி வழியிலே சூடாகி வீணாகிறது. வோல்டேஜ் என்பது மின்சாரத்தை உந்தும் அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் அளவு. ஆம்பியர் இரு மடங்கானால் கம்பியில் வீணாகும் சக்தி இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மின்சாரப் பொறியியலின் சரித்திரத்தில் ஒரு பெரும்பகுதி இந்த ஒரு கணக்குடன் நடத்திய மல்யுத்தமே என்று சொல்லலாம்.

அதே சக்தியை உயர்ந்த வோல்டேஜில் அனுப்பினால் ஆம்பியர் குறையும், வீணும் குறையும். 1891 ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் லாப்பன் என்னுமிடத்து ஆற்று நீரால் உண்டாக்கிய மூன்று பேஸ் மின்சாரத்தை, ஏறக்குறைய 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிராங்க்பர்ட் நகரப் பொருட்காட்சிக்குக் கொண்டுபோய் விளக்கெரித்தும் மோட்டார் ஓட்டியும் காட்டினர். நம் மாகாணத்திலும் அவ்வழியே மின்சாரம் பரவிற்று. 1927 இல் மின்சார இலாகா அமைக்கப்பட்டது. நீலகிரி மலையில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1932 ஆம் ஆண்டு தொடங்கி, கோயமுத்தூர்ச் சீமையின் பஞ்சாலைகளுக்கும் பாசனக் கிணறுகளுக்கும் சென்றது. மேட்டூர் 1937 லும், பாபநாசம் 1944 லும் சேர்ந்தன. கவலை மாடுகள் இறைத்த கிணறுகளில் மோட்டார் இறங்கத் தொடங்கிய காலம் அது. இந்தியாவிற் செய்த முதல் மின்சார மோட்டார் கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்களின் தொழிற்சாலையிலிருந்து 1937 இல் வெளிவந்தது.

நமக்கு அண்மையில் உள்ளது நெய்வேலி. செஞ்சியும் நெய்வேலியும் 1993 வரையில் ஒரே தென்னாற்காடு ஜில்லாவாக இருந்தவை. அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து 1962 முதல் மின்சாரம் உண்டாக்குகின்றனர். இன்றைக்கு நம் கிணற்றுக்கு வரும் மின்சாரம் எந்த நிலையத்தினது என்று பிரித்துச் சொல்ல இயலாது. தென்னாட்டு மின்தொடர் 2013 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆந் தேதி வடநாட்டுத் தொடருடன் இணைக்கப்பட்டு, தேசம் முழுதும் ஒரே ஏரிபோல் ஆகிவிட்டது. கமுதியில் 2016 இல் முடிந்த 648 மெகாவாட் சூரிய நிலையமும், முப்பந்தல் காற்றாலைகளும், கூடங்குளமும் அந்த ஏரியில் விழும் கால்வாய்களே.

இவ்வளவு தூரம் 400, 230, 110 கிலோவோல்ட் என்று உயர்ந்த அழுத்தத்திலே அதிக நஷ்டமின்றி வரும் மின்சாரம், ஊருக்கு அருகில் 22 அல்லது 11 கிலோவோல்ட்டாகித் தணிந்து, டிரான்ஸ்பார்மரிலே 415 வோல்ட்டாக இறங்குகிறது. அங்கிருந்து கடைசிக் கிணறு வரையுள்ள ஒரு கிலோமீட்டர்தான் வழி முழுதிலும் மிகவும் ஏழையான பகுதி. அழுத்தம் குறைவு; ஆகவே ஆம்பியர் அதிகம்; கம்பியும் மெல்லியது.

இப்பொழுது மோட்டார் கருகும் விதத்தைப் பார்ப்போம். 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 340 வோல்ட் வருவதாகக் கொள்வோம். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வோல்டேஜ் தாழ்ந்திருக்கிறது. ஆனால் மோட்டாரின் சுழற்றும் வலிமை மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. பாரமோ அதே தண்ணீர்தான். இழுக்க வலிமை போதாத மாடு பெருமூச்சு விட்டுக் கூடுதலாக உழைப்பது போல, மோட்டார் கூடுதல் ஆம்பியரை இழுக்கிறது, காயில் சூடேறுகிறது. தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி உஷ்ணத்துக்கும் காயில் உறையின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலார் கையாளும் கணக்கு. கருகிய நாற்றம் ஒரு நாளில் வருகிறது. கருகுதல் பல மாதங்களாக நடந்திருக்கிறது.

அப்படியானால் வோல்டேஜைக் குறைப்பவர் யார்? இதைச் சொன்னால் சில அங்கத்தினர்களுக்கு வருத்தம் உண்டாகலாம். பெரும்பாலும் நாமேதான்.

5 குதிரைச்சக்தி மோட்டார் ஒன்று சுமார் 7½ அல்லது 8 ஆம்பியர் இழுக்கும். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் இத்தகைய மோட்டார்கள் பதினேழைத் தாங்கும். கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழம் இரு மடங்கானால் அதே மோட்டார் பாதித் தண்ணீரையே தரும். கடும் பாறையுள்ள நம் பகுதியில் இது பலரும் அனுபவித்த கஷ்டம். ஆகையால் வாரியத்தின் கணக்கில் 5 என்று எழுதியிருக்க, கிணற்றில் 7½ இறக்கப்படுகிறது. எல்லோரும் அவ்விதம் செய்தால் அதே டிரான்ஸ்பார்மர் பன்னிரண்டு மோட்டாரைக்கூட முழுதாகத் தாங்காது. முதற் கம்பத்துக்காரர் பெரிய மோட்டார் வைக்கிறார். கடைசிக் கம்பத்துக்காரருக்கு வோல்டேஜ் குறைகிறது. அவரும் தம் பங்குக்கு இன்னும் பெரிய மோட்டார் வைக்கிறார். எல்லோருக்கும் இன்னும் குறைகிறது. மதகை உடைத்து வாய்க்காலைத் தம் பக்கம் திருப்பிக்கொள்வோரை ஊர் கூடிக் கேட்கும். இதைக் கேட்பார் இல்லை, கண்ணுக்குத் தெரியாமையால்.

மற்றொன்று, மின்சாரம் நின்று மீளும் கணம். தானே ஓடத் தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இப்போது பெரும்பாலான கிணறுகளில் உள்ளது. புறப்படும் வேளையில் மோட்டார் வழக்கத்தைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். பதினேழு மோட்டார்களும் ஒரே கணத்தில் எழுந்தால் என்ன ஆகும்? வோல்டேஜ் படுத்துவிடும், சுழல இயலாமல் உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டாரில் காயில் சூடேறும், பீஸ் ஒன்று போகும், மூன்று பேஸில் ஒன்று அறுந்து, மற்ற இரண்டிலே ஓடும் மோட்டார்கள் கருகும். அதைத் தடுக்க வைத்த காப்புக் கருவியைச் சிலர் 'அடிக்கடி நிற்கிறது' என்று நேர்க்கம்பி போட்டு விலக்கிவிடுகிறார்கள். நாய் குரைக்கிறதென்று அதை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து உறங்குவதைப் போன்றது இது. ஆட்டோ ஸ்டார்ட்டர்களில் தாமத நேரம் வைக்கும் திருகு உண்டு. கடைசிக் கம்பத்து மோட்டார் முதலில், அதற்கு அடுத்தது அரை நிமிஷம் கழித்து, அதற்கு அடுத்தது மேலும் அரை நிமிஷம் கழித்து என்று முறை வைத்துக்கொண்டால் செலவு ஒரு காசும் இல்லை. நம் பெரியோர் முறை வைத்துப் பாய்ச்சிய ஏற்பாடேயன்றி இது வேறில்லை.

இனிக் கப்பாசிட்டர். இதைப்பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. 2008 முதல் சில ஆண்டுகள் மின்சாரப் பற்றாக்குறை கடுமையாயிருந்தபோது, இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டப் பலர் கண்டென்சர்ப் பெட்டி வாங்கினர். அது மோட்டாருக்குக் கேடு செய்வது. மூன்று கம்பிகளிலும் சமமாக ஓடவேண்டிய ஆம்பியர் ஏறுமாறாகிச் சூடேற்றும். இங்கே கூறுவது மூன்று பேஸிலும் மோட்டாருடன் நிலையாக இணைக்கப்படும் கப்பாசிட்டரை. மோட்டார் தண்ணீர் இறைக்கும் சக்தியுடன், தன் காந்தத்தை உண்டாக்கிக்கொள்ளவும் ஒரு மின்னோட்டத்தை வாங்கித் திருப்பிக்கொண்டேயிருக்கிறது. அது வேலை செய்யாத போக்குவரத்து. ஆயினும் கம்பியை அடைத்துக்கொள்கிறது. கப்பாசிட்டர் அதைக் கிணற்றடியிலேயே கொடுத்து வாங்கிக்கொள்வதால் கம்பி காலியாகிறது. 5 குதிரைச்சக்தி மோட்டாருக்கு ஏற்ற கப்பாசிட்டர் பொருத்தினால் கம்பியில் ஆம்பியர் நூற்றுக்குப் பதினைந்து அளவு குறையும். கம்பியில் வீணாகும் சக்தி நூற்றுக்கு முப்பது அளவு குறையும்.

ஆனால் கவனியுங்கள்: ஒருவர் மாத்திரம் பொருத்தினால் அவருக்குக் கிடைக்கும் பலன் அற்பம். அவர் மிச்சப்படுத்திய வோல்டேஜ் மற்ற பதினாறு பேருக்கும் பகிர்ந்து போய்விடும். பதினேழு பேரும் பொருத்தினால் கடைசிக் கம்பத்துக்காரரின் மோட்டார் பிழைக்கும். தனியொருவர் செய்தால் நஷ்டம், எல்லோரும் செய்தால் லாபம் என்ற இவ்வகைக் காரியங்களுக்காகவே கூட்டுறவுச் சங்கம் என்பது ஏற்பட்டது. தரமான கப்பாசிட்டர்களைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கித் தவணையிற் கொடுப்பது, காயில் கட்டக் கடன் கொடுப்பதைவிடச் சங்கத்துக்கும் க்ஷேமம்.

கூட்டுறவில் மின்சாரம் என்பது விபரீதமான யோசனை என்று எண்ணவேண்டாம். கன்னட நாட்டில் பெல்காம் பக்கத்து ஹுக்கேரியில் 1969 இல் ஏற்பட்ட சங்கம் மின்சாரத்தையே கிராமங்களுக்கு விநியோகித்து வந்திருக்கிறது. கூர்ஜர நாட்டில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த தூண்டி என்னும் கிராமத்தில் ஆறு விவசாயிகள் சேர்ந்து, 2016 இல் தங்கள் சூரிய பம்புகள் உண்டாக்கும் மிச்ச மின்சாரத்தை மின் கம்பெனிக்கு விற்கத் தொடங்கினர். 2019 இல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய திட்டத்தில் சூரிய பம்புகளுக்கு மானியம் உண்டு. கம்பியின் கடைசியில் உண்டாகும் சூரிய மின்சாரம், பகல் வேளையில் அங்கேயே செலவாவதால், கடைமடையில் தனியாக ஓர் ஊற்றுக் கண் திறந்தது போலாகும். ஆயினும் பாறைக்கடியில் இல்லாத தண்ணீரைச் சூரியனும் கொண்டுவர மாட்டான். மின்சாரம் இலவசமென்று வரப்பு வழிய விட்ட தண்ணீர் அடுத்த ஆண்டு மோட்டாரின் குதிரைச்சக்தியை உயர்த்தச் சொல்லும்.

வரும் மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் ஓர் அங்கத்தினரைப் பொறுப்பாக்கி, ஒரு நோட்டுப் புத்தகம் போடுக. முதற் பக்கத்தில் எத்தனை கிணறு, ஒவ்வொன்றிலும் உண்மையாக எத்தனை குதிரைச்சக்தி என்று ஒளிவின்றி எழுதுக. பிறகு ஒரு வாரம், மோட்டார்கள் யாவும் ஓடும் வேளையில், முதற் கிணறு, நடுக் கிணறு, கடைசிக் கிணறு ஆகிய மூன்றின் ஸ்டார்ட்டர்ப் பெட்டியிலும் உள்ள மீட்டர் காட்டும் வோல்டேஜைக் குறிக்க. முதற் கிணற்றிலேயே குறைந்திருந்தால் குறை டிரான்ஸ்பார்மரிலோ அதற்கு மேலோ உள்ளது. முதலில் சரியாயிருந்து கடைசியில் தாழ்ந்திருந்தால் குறை கம்பியிலும் நம் மோட்டார்களிலும் உள்ளது. அந்த நோட்டுடன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குச் சென்று, கூடுதல் டிரான்ஸ்பார்மரோ, உயர் அழுத்தக் கம்பியைக் கிணறுகள் வரை கொண்டுவந்து சிறு டிரான்ஸ்பார்மர்களாகப் பிரித்து வைப்பதோ, எது தேவையென்று உதவிப் பொறியாளரிடம் கேட்கலாம். வாய்மொழியாகச் சொல்லும் முறையீட்டைவிட ஒரு வாரத்து எண்களுக்கு அங்கே மதிப்பு அதிகம்.