திடலை நம்பி வீடு வாங்குவதற்கு முன்

சென்னையில் புது அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரம் எதைக் கையில் எடுத்தாலும் ஓர் ஓரத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும். குழந்தை உள்ள குடும்பம் அந்தப் படத்தின் முன் கொஞ்சம் நின்றுவிடுவது இயல்பு. வீட்டின் விலையில் அந்தப் படத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால், அந்தப் பங்குக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று கேட்கும் உரிமையும் வாங்குபவருக்கு உண்டு. ஊஞ்சலை என்றைக்கு வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம். அதை மாட்ட ஓர் இடமும், அந்த இடம் பத்து வருடம் கழித்தும் திடலாகவே இருக்கும் என்ற உறுதியும்தான் அரிது. ஆகவே முதலில் நிலத்தின் உரிமை, அடுத்து வீட்டிலிருந்து அங்கே போகும் வழி, அதற்கடுத்து அங்கே நடக்கும் புழக்கம், கடைசியாகத்தான் சாதனங்கள் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்கி, சாதனங்களைப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையை நேராக்கத்தான்.

திடலுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். இருக்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கிராம்ப்டன், அமெரிக்காவில் வெளிவந்த சுமார் 30 ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவற்றில் 25 ஆய்வுகள், பூங்காவை ஒட்டிய வீடுகளின் மதிப்பு உயர்வதையே காட்டின. அமைதியான பூங்காவைப் பார்த்த வீட்டுக்குச் சுமார் 20 சதவீதம் கூடுதல் மதிப்பு என்று தொடக்கக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். ஆட்டமும் கூட்டமும் மிகுந்த திடல் என்றால், நேர் எதிரே உள்ள வீட்டுக்கு அந்த ஆதாயம் குறையும் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. அமெரிக்கக் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பது நியாயம்தான். சதவீதம் பொருந்தாது, காரணம் பொருந்தும். திறந்தவெளி எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அதன் அருகாமைக்கு மதிப்பு. நெரிசலான சென்னையில் அந்தக் காரணம் இன்னும் வலுவானது. கோபுரப் பூங்காவைச் சுற்றிய அண்ணா நகர்த் தெருக்களையும் நடேசன் பூங்காவைச் சுற்றிய தியாகராய நகர்த் தெருக்களையும் வீடு தேடுவோர் இன்றும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். காசுக் கணக்கை ஒதுக்கி வைத்தாலும், 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு மணி நேரத்தை ஃபிளாட்டின் வரவேற்பறையில் கொடுக்க முடியாது.

இனி நிலம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இல் திறந்தவெளி ஒதுக்கீடு என்று ஒரு விதி உண்டு. கட்டுமானத் தொழிலில் இருப்பவர்கள் இதை ஓ.எஸ்.ஆர். என்பார்கள். மனையின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய பதின்மூன்றரை கிரவுண்டுக்குள் இருந்தால் ஒதுக்கீடே தேவையில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர்வரை என்றால் சாலை நீங்கலாகப் பத்து சதவீத நிலம் ஒதுக்க வேண்டும்; இல்லையேல் அதற்கான வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்ப வழியில்லை. பத்து சதவீத நிலத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிக் கொடுத்தே தீர வேண்டும். வாங்குபவர் பார்வையில் இதன் பொருள் முக்கியமானது. எட்டு கிரவுண்டில் எழும் குடியிருப்பில் திடல் என்று காட்டப்படுவது, விதி கட்டாயப்படுத்தாமல் பில்டர் தன் விருப்பத்தில் விட்ட மூலை. இருபது கிரவுண்டில் எழுவதில் பணம் கட்டப்பட்டதா, நிலம் விடப்பட்டதா என்று கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பது கிரவுண்டு என்றால் சட்டப்படியே ஒரு பொது நிலம் இருந்தாக வேண்டும். அது எங்கே என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தனி மனை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கீகாரமில்லாமல் போடப்பட்டு 2017 வரன்முறைத் திட்டத்தின் கீழ் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுகளில் திடலே இல்லாமல் இருக்கலாம். ஒதுக்கீட்டுக்கு ஈடாகக் கட்டணம் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பணத்தில் உங்கள் தெருமுனையில் பூங்கா வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

வரைபடத்தில் காட்டிய நிலம் உண்மையிலேயே கைமாறியதா என்று சரிபார்ப்பதுதான் இந்த முழு வேலையிலும் கனமான பகுதி. மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் கீழ் திட்டம் பெற்ற பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அதில் ஒதுக்கீட்டு நிலத்தின் அளவும் எல்லையும் குறிக்கப்பட்டிருக்கும். பிறகு அந்தச் சர்வே எண்ணுக்கு பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரம் தேடுங்கள், பார்ப்பதற்குக் கட்டணமில்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பெயரிலோ உள்ளாட்சி பெயரிலோ தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அங்கே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பத்திர நகலைப் பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள். பட்டாவோ நகர நில அளவைப் பதிவேடோ இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தகராறு முளைப்பது அந்த இடத்தில்தான். எழுதிக் கொடுத்த நிலத்தை மீண்டும் மதிலுக்குள் வளைத்து, குடியிருப்புக்கே உரிய தனிப் பூங்கா போலக் காட்டி விற்பதும் நடக்கிறது. அப்படிப்பட்ட நிலங்களைச் சென்னை மாநகராட்சி மீட்டுத் திறந்துவிட்டதுண்டு. தனியுரிமை என்று நம்பிப் பணம் கொடுத்தவர் அன்றைக்கு ஏமாந்து நிற்பார்.

மதில் இல்லாத பொதுத் திடல் என்றால் மதிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. சட்டத்தின் பாதுகாப்பு அதற்குத்தான் அதிகம். பூங்காக்களையும் விளையாட்டு வெளிகளையும் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துக் குடியிருப்பவர்கள் தொடுத்த வழக்கில், அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையின் திறந்தவெளி ஒதுக்கீட்டு விதியை எதிர்த்த வழக்கில், இழப்பீடு இல்லாமல் பத்து சதவீதம் கேட்பது செல்லும் என்று 2023-இல் அதே நீதிமன்றம் சொன்னது. பொதுத் திடலுக்கு அருகே வீடு வாங்குபவர் இந்தத் தீர்ப்புகளின் பலனையும் சேர்த்தே வாங்குகிறார்.

குடியிருப்பின் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் திடலுக்குக் கணக்கு வேறு. ரெரா சட்டத்தின் விளக்கப்படி பூங்காவும் விளையாட்டு இடமும் பொதுப் பகுதிகள். அவற்றைக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் பொதுப் பகுதியையும் மாற்றக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. ஆனால் இந்தப் பிரிவு காப்பது வரைபடத்தில் உள்ளதை. விளம்பரத் தாளில் மட்டும் இருக்கும் திடலுக்கு 12-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்டுப் போராடலாம். ஆனால் திடல் வந்து சேராது. எனவே வரைபடத்தையும் விளம்பரத் தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விளம்பரத்தில் பச்சையாக இருக்கும் இடம் வரைபடத்தில் வண்டி நிறுத்தும் இடமாகவோ, தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதையாகவோ குறிக்கப்பட்டிருந்தால் அது திடல் அல்ல. திட்டம் கட்டம் கட்டமாக எழுகிறதென்றால், திடல் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கேளுங்கள். மூன்றாம் கட்டம் என்று பதில் வந்தால், இன்று மூன்று வயதாகும் குழந்தைக்கு அது பயன்படுமா என்பது நீங்கள் யோசிக்க வேண்டியது.

அடுத்தது வழி. அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமை வெளி வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2017-இல் சொன்ன அளவுகோல். அந்தப் பரப்பு நம் ஊரில் கிடைப்பது கடினம். தூரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விளம்பரம் சொல்லும் ஐந்து நிமிடம் காரில் போகும் ஐந்து நிமிடம். நீங்கள் குழந்தையின் கையைப் பிடித்து நடந்து பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலை போன்ற ஒரு சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், எதிர்ப்புறத்தில் எவ்வளவு நல்ல பூங்கா இருந்தாலும் அது உங்கள் குழந்தைக்கு இல்லை. நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, மழைநீர் வடிகாலின் மூடிகள் சரியாக இருக்கின்றனவா, நாய்கள் கூடும் முனை எது, மாலை ஆறரைக்குத் தெருவிளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பத்து வயதுப் பெண் குழந்தையைத் தனியாக அனுப்பத் துணிவீர்களா என்று கேட்டுக்கொண்டால் வழியின் தரம் சட்டென்று விளங்கிவிடும்.

வழி சரியென்றால் புழக்கத்தைப் பாருங்கள். ஒரு வார நாளின் மாலை ஐந்திலிருந்து ஏழு மணிவரை ஒரு தடவையும், ஞாயிறு காலை ஒரு தடவையும், நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவையும் போவது அவசியம். கடைசியாகச் சொன்னதைத் தவறவிடாதீர்கள். பில்டர்கள் பெரும்பாலும் மனையின் தாழ்ந்த மூலையைத்தான் திறந்தவெளிக்கு விடுகிறார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அந்த மூலை வடகிழக்குப் பருவமழை முழுக்கக் குட்டையாகவும் கொசுக் கூடாரமாகவும் இருக்கலாம். வார நாள் மாலையில் யார் விளையாடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய பையன்களின் கிரிக்கெட் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டு, சிறு பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார்களா? பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுமிகள் ஓடி ஆடுகிறார்களா, தம்பியைப் பார்த்துக்கொள்ள மட்டும் வந்திருக்கிறார்களா? தாத்தா பாட்டிகள் உட்காரப் பெஞ்சும் அதற்கு மேல் நிழலும் உண்டா? சிறுமிகளும் முதியவர்களும் தயங்காமல் வந்துபோகும் திடல்தான் பாதுகாப்பான திடல். எந்தக் காவலாளியும் கேமராவும் அதற்கு ஈடில்லை. கேட்டில் எழுதியிருக்கும் நேரத்தையும் படியுங்கள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்தில் பூட்டிக் கிடந்தால் என்ன பயன்?

சாதனங்களுக்கு அதிக நேரம் வேண்டாம். சில அளவுகள் போதும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, ஒவ்வொரு சாதனத்தைச் சுற்றியும் ஆறடி காலியாக இருக்க வேண்டும் என்கிறது. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் கூடுதலாக வேண்டும். கம்பிகளுக்கு நடுவே மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குள் இடைவெளி இருந்தால் குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளலாம். விழுமிடம் சிமென்ட் தரையாக இருக்கவே கூடாது. நாலடி உயரத்துக்கு ஒன்பது அங்குல மணல் வேண்டும். நம் வெயிலில் மேற்கே பார்த்த தகரச் சறுக்குமரம் மாலை நாலரை மணிக்கும் தொடையைச் சுட்டுவிடும். பெரிய வேம்போ புங்கனோ பக்கத்தில் இருந்தால் அது எந்தச் சாதனத்தையும்விடப் பெரிய சொத்து.

மறுத்துச் சொல்பவர்களும் உண்டு. திடலுக்கு எதிரே வீடு என்றால் சத்தம் என்பார்கள். உண்மை, அதனால்தான் நேர் எதிரே உள்ள வீட்டைவிட அடுத்த தெருவில், இரண்டு நிமிட நடையில் உள்ள வீடு பெரும்பாலும் நல்ல தேர்வு. பிள்ளைகள் பத்து வருடத்தில் வளர்ந்துவிடுவார்களே, அதற்கா இவ்வளவு விலை என்பது இன்னொரு கேள்வி. அந்தப் பத்து வருடம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்காது என்பது ஒரு பதில். பிறகு வீட்டை வாங்க வருபவரும் குழந்தையோடு வரலாம் என்பதும், மாலை நடைக்குப் பெரியவர்களுக்கும் அதே திடல்தான் என்பதும் மற்றப் பதில்கள். பொது நிலத்தைக்கூட அரசே எடுத்துக்கொள்ளலாமே என்பதுதான் வலுவான மறுப்பு. ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ பணிக்காகப் பத்தாண்டுக்கு மேல் மூடிக் கிடந்து 2023-இல்தான் திறந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது இல்லாமலேயே போயிற்று. ஆகவே வாங்கும் முன், மெட்ரோ தடமோ சாலை விரிவாக்கமோ அந்த இடத்தைத் தொடுகிறதா என்று விசாரித்துவிடுங்கள். நடைத் தூரத்தில் ஒன்றுக்கு இரண்டு திடல்கள் இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுங்கள்.

எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதற்கு வழிகாட்டி மதிப்பு உதவாது. அதே பகுதியில் திடலுக்குப் பக்கத்திலும் தள்ளியும் உள்ள, ஒரே அளவும் ஒரே வயதும் கொண்ட வீடுகளின் வாடகையை விசாரியுங்கள். மறுவிற்பனை ஆசையில் வாடகை கொடுப்பவர் யாரும் இல்லை என்பதால் அந்த வித்தியாசம் நம்பத்தக்கது. வளாகத் திடல் என்றால் பராமரிப்புக் கட்டணத்தில் அதற்கு எவ்வளவு போகிறது என்று சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். மாநகராட்சித் திடல் என்றால் 1913 எண்ணில் புகார் செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அங்கே நடப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். இத்தனையும் முன்பணம் கைமாறுவதற்குள் முடிந்தாக வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு. ஒப்புதல் வரைபடமும், நிலம் எழுதிக் கொடுத்த திட்டமென்றால் தானப் பத்திர நகலும் கைக்கு வரும்வரை அந்தப் பத்து சதவீதத்தையும் கொடுக்காதீர்கள்.